சீலகாந்தை 1938இல் "கண்டுபிடித்தார்களாம்"!

நெய்தல்: "அழிந்துபோனதாக நினைத்த சீலகாந்த் மீனை 1938இல் மார்ஜரி லாட்டிமர் கண்டுபிடித்தார்" என்று பூவரசு நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள கொமொரோ தீவு மீனவர்கள் இரவில் ஆழத்தூண்டில் போடும்போது அது சிக்கும். கொம்பெஸ்ஸா என்று பேரும் உண்டு. அவர்கள் கண்டது கணக்கில் வராதா?

பூவரசு: 1938 மீன் கொமொரோவில் கிடைத்ததே இல்லை. தென்னாப்பிரிக்காவில், சாலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் இழுவலையில் சிக்கியது. அங்குள்ள ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மீன் குவியலுக்கு அடியில் நீலத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தது அந்த ஊர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் லாட்டிமர். ஒன்றரை மீட்டர் மீனை டாக்சியில் ஏற்ற ஓட்டுநரோடு மல்லுக்கட்டியதும் அவர்தான். கொமொரோ மீன் வந்தது 1952இல்.

நெய்தல்: "வந்தது" இல்லை ஐயா, அங்கேயே இருந்தது. மீனவர்கள் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

கட்டுமரம்: அந்த 52ஆம் வருஷ மீனையே சந்தையில் வெட்டப் போனார்கள். மீன் ஆய்வாளர் ஸ்மித் அச்சடித்த 100 பவுண்டு பரிசு நோட்டீசைப் பார்த்திருந்த ஒருவர் தடுத்ததால் தப்பியது. அருமை தெரிந்தவர்கள் வெட்டுவார்களா?

நெய்தல்: சந்தைக்கு வந்த மீனை வெட்டாமல் கும்பிடவா செய்வார்கள்? ஸ்மித் 14 வருஷம் தேடினார். கிடைத்தது யார் தூண்டிலில்? மீனவர் தூண்டிலில்.

பூவரசு: ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனதாக நம்பிய கூட்டத்து மீன் அது என்று தூண்டில் சொல்லுமா? லாட்டிமர் அனுப்பிய படத்தைப் பார்த்தே ஸ்மித் சந்தேகப்பட்டார். அதுதான் படிப்பு.

நெய்தல்: படித்தவர்கள் கையில் கிடைத்த முதல் மீனின் உள்ளுறுப்புகள் என்னவாயின? குப்பைக்குப் போயின.

பூவரசு: டிசம்பர் வெயிலில், குளிர்பதன வசதி கிடைக்காமல் அந்தப் பெண் பட்ட பாட்டைக் கேலி செய்யாதீர்கள்.

 

நெய்தல்:   இந்தோனேசியாவைப் பாருங்கள். 1997இல் மனாடோ சந்தையில் உயிரியலாளர் எர்ட்மன், அவர் மனைவி கண்ணில் ஒரு சீலகாந்த் பட்டது. 1999இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் தனி இனம் என்று அறிவித்தார்கள். அங்கத்திய மீனவர்களுக்கு அது ராஜா லாவுத். அதையும் அவர்கள்தான் முன்பே பிடித்தார்கள்.

 

பூவரசு: மீனின் அறிவியல் பெயர் இன்றும் லாட்டிமேரியாதான்.

நெய்தல்: பெயர் யாருடையதாகவும் இருக்கட்டும். முதலில் பிடித்தது மீனவர்.