ஒரே வேலை, பெங்களூரில் ஒரு சம்பளம், கோவையில் ஒரு சம்பளம்: எதை வைத்து முடிவு பண்றாங்க?

பீளமேடு_ஜாவா:
வணக்கம். ஜாவா பேக்கெண்ட், ஏழு வருஷ அனுபவம், இப்போ கோவையில் ஒரு சர்வீஸ் கம்பெனி. கையில் ரெண்டு ஆஃபர். ஒண்ணு பெங்களூர் ஜி.சி.சி. (வெளிநாட்டுக் கம்பெனி தன் வேலைக்காக இங்கே நடத்துற சொந்த மையம்), 24 லட்சம் சி.டி.சி. (கம்பெனி எனக்காகச் செலவழிக்கிற வருஷ மொத்தம்), வாரம் மூணு நாள் ஆபீஸ். இன்னொண்ணு கோவையிலிருந்தே ரிமோட், பிராடக்ட் கம்பெனி (சொந்த மென்பொருளை விக்கிறது), 19 லட்சம். மேனேஜரும் டீமும் அமெரிக்க மேற்குக் கரையில். வேலை ஏறக்குறைய ஒண்ணுதான். இந்த 5 லட்சம் ஊருக்கான வித்தியாசமா, கம்பெனி அமைப்புக்கான வித்தியாசமா? ரிமோட்டில் இருந்தா ப்ரமோஷன் தள்ளிப் போகுமா?

ரேட்கார்டு:
ரெண்டும்தான். ஆனா ஊரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, கம்பெனிக்குப் பணம் எந்த வழியா வருதுன்னு பாருங்க.

சர்வீஸ் கம்பெனியில் விக்கிற சரக்கே உங்க மணிநேரம்தான். கிளையண்ட் ஒப்பந்தத்தில் 'சீனியர் டெவலப்பர், ஆஃப்ஷோர்'னு ஒரு வரி இருக்கும். அதில் மணிக்கு 25 டாலர்னு போட்டிருந்தா, நீங்க எந்த ஊர்ல உட்கார்ந்தாலும் 25, வேலையை ரெண்டு மடங்கு வேகமா முடிச்சாலும் 25. ஒப்பந்தம் புதுப்பிக்கிற வரைக்கும் அது நகராது. அப்போ உங்களுக்குத் தர்ற ஹைக் நேரா ப்ராஜெக்ட் மார்ஜினைத் தின்னும். மார்ஜினைக் காப்பாத்த, குறைஞ்ச சம்பளத்துக்கு வர்ற பிரெஷர்களைக் கூட்டிப் பிரமிடோட அடியை அகலமாக்குவாங்க. ஏழு வருஷ ஆள் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் அந்தக் கணக்கில் செலவுதான். உங்க மேனேஜர் கெட்டவர்னு அர்த்தமில்லை, அவர் கையில் இருக்கிற தொகை அவ்வளவுதான்.

ஜி.சி.சி.யிலும் பிராடக்ட் கம்பெனியிலும் லெவலை வைத்துத்தான் சம்பளம். ஒவ்வொரு லெவலுக்கும் நாட்டுக்கு ஒரு பேண்ட் (குறைஞ்சது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவுன்னு சம்பள வரம்பு) இருக்கும், சில கம்பெனிகள் நாட்டுக்குள்ளேயும் நகரங்களை மண்டலமாப் பிரிக்கும். இதில் கம்பெனிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கிட்லேப் இடத்துக்கு ஒரு காரணி வைத்துப் பெருக்குவதை வெளிப்படையாகவே எழுதி வெச்சிருந்தது. 37சிக்னல்ஸ் யார் எங்கே இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ ரேட்னு சொன்னது. பேஸ்புக் 2020லேயே, ரிமோட்டில் ஊர் மாறினா அதுக்கேத்த மாதிரி சம்பளமும் மாறும்னு அறிவிச்சது.

அதனால 24ஆ 19ஆன்னு பார்க்காம, ரெண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்க: என் லெவல் என்ன, அந்த லெவலோட பேண்டில் நான் அடியில் இருக்கேனா, நடுவிலா, உச்சியிலா? உச்சியில் சேர்ந்தா ப்ரமோஷன் வர்ற வரைக்கும் ஹைக் பேருக்குத்தான் வரும். அதே 19 லட்சம் ஒரு லெவல் மேலே, பேண்டோட அடியில்னா, ஏற இடம் இருக்கு. "பின்னாடி நான் ஊர் மாறினா பேஸ் சம்பளம் குறையுமா, அப்படியே நிறுத்தி வைப்பீங்களா?"ன்னும் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்க. போனில் சொன்னது அடுத்த எச்.ஆர். வந்ததும் போயிடும்.

சிலேட்டுக்கணக்கு:
24 லட்சத்தை மொதல்ல பிரிச்சுப் போடுங்க. உதாரணத்துக்கு வேரியபிள் (வேலையைப் பார்த்துத் தர்ற, உறுதியில்லாத பகுதி) 10%, பேசிக் 50%னு வைப்போம்.

சி.டி.சி. 24,00,000
வேரியபிள் 2,40,000
கம்பெனி பங்கு பி.எஃப். (பேசிக்கில் 12%) 1,44,000
கிராஜுவிட்டி (பேசிக்கில் 4.81%) 57,720
இன்ஷூரன்ஸ், சுமாரா 20,000

மிச்சம் 19,38,280. அதில் உங்க பங்கு பி.எஃப். இன்னொரு 1,44,000 போனா 17,94,280. மாசம் 1,49,523, இதுவும் வரிக்கு முன்னாடி. 24ஐ 12ஆல் வகுத்து ரெண்டு லட்சம்னு கணக்குப் போட்டுட்டு பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. பி.எஃப். உங்க பணம்தான். கிராஜுவிட்டி பொதுவா அஞ்சு வருஷம் முடிச்சாத்தான்.

பழைய வரி முறையில் இருக்கீங்கன்னா, எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) வரிவிலக்குக் கணக்கில் கோவைக்குப் பேசிக்கில் 40% வரை. புது முறையில் இந்தச் சலுகையே இல்லை.

ஜாய்னிங் போனஸ் இருந்தா அந்த ஷரத்தைப் படிங்க. ஒரு வருஷத்துக்குள்ள விலகினா வரி பிடிக்கிறதுக்கு முந்தைய முழுத் தொகையையும் கட்டச் சொல்ற கம்பெனிகள் இருக்கு. 2 லட்சத்தில் கைக்கு 1.4 வந்திருக்கும், திருப்பிக் கட்டுறது 2.

இரவு_ஸ்டாண்டப்:
ப்ரமோஷன் பத்தி யாரும் சொல்லலை. அது முடிவாகிறது கேலிப்ரேஷன் மீட்டிங்கில், அதாவது மேனேஜர்கள் கூடி எல்லாரோட ரேட்டிங்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டத்தில். உங்க மேனேஜர் மத்த மேனேஜர்கள் முன்னாடி உங்களைப் பத்தி சில நிமிஷம் பேசுவார். அந்த அறையில் வேற யாருக்காவது உங்க பேர் தெரிஞ்சிருந்தா பாதி வேலை முடிஞ்சது. ரிமோட்டில் இருக்கிறவங்க தோக்கிறது பெரும்பாலும் இங்கேதான், வேலையில் இல்லை.

பேர் தெரியணும்னா எழுத்தில் இருக்கணும். டிசைன் டாக்குமென்ட்டை எழுதினவர்னு உங்க பேர் மேலே இருக்கட்டும். கோட் ஓனர்ஸ் ஃபைலில் (எந்தப் பகுதிக்கு யார் பொறுப்புன்னு எழுதி வைக்கிற ஃபைல்) ஒரு மாட்யூலாவது உங்க பேர்ல இருக்கட்டும். செல்ஃப் ரிவ்யூவில் "பேமென்ட் டீமுக்கு உதவினேன்"னு எழுதினா அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. "ரீட்ரை வரும்போது ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவை பணம் பிடிச்சதை, ஐடெம்பொடென்சி கீ சேர்த்து நிறுத்தினேன், டிசைன் லிங்க் இது"ன்னு எழுதுங்க, மேனேஜர் அதை அப்படியே வாசிப்பார்.

நேரக் கணக்கும் பாருங்க. மேற்குக் கரையில் காலை 8 மணி மீட்டிங், கோடையில் நமக்கு இரவு 8:30. நவம்பரில் அவங்க கடிகாரத்தை மாத்தினதும் 9:30. முடிவெல்லாம் அவங்க மதியத்தில் எடுத்தா நமக்கு நடுராத்திரி. முடிவுகளை எழுதி வைக்கிற டீமா, பேசியே முடிக்கிற டீமான்னு இன்டர்வியூவிலேயே கேளுங்க. பேசியே முடிக்கிற டீம்னா, 24 லட்சமே தந்தாலும் கோவையிலிருந்து அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பீளமேடு_ஜாவா:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ரிமோட் கம்பெனிக்கு இந்தியாவில் பதிவு இல்லையாம், ஈ.ஓ.ஆர். (வேற கம்பெனிக்காக இங்கே ஆளைத் தன் பேர்ல வேலைக்கு வைக்கிற நிறுவனம்) மூலமா எடுக்கிறாங்க. பரவாயில்லையா?

சிலேட்டுக்கணக்கு:
பே ஸ்லிப்பும் பி.எஃப்.பும் ஈ.ஓ.ஆர். பேர்ல முறையா வந்தா பரவாயில்லை. ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க. கம்பெனி ஷேர் ஒதுக்கீட்டில் ஈ.ஓ.ஆர். ஆட்களுக்கும் இடம் உண்டா? நடுவில் ஈ.ஓ.ஆர். மாறினா பழைய சர்வீஸ் காலம் கிராஜுவிட்டிக்குத் தொடருமா? பி.எஃப். பழைய யூ.ஏ.என்.னிலேயே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) வந்துடும், கிராஜுவிட்டி அப்படி வராது, எழுதி வாங்கணும். "கன்சல்டன்ட்"னு ஒப்பந்தம் நீட்டினா அது வேற கதை. பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்தோட வர்ற லீவ் எதுவும் இருக்காது. அப்போ 19 பத்தாது.