கனடாவிலிருந்து வந்த 3 குதிரைவலு மேசைவாளுக்குக் கொட்டகையில் வயரிங் செய்வது எப்படி?

கேள்வி (பரந்தன் வாசகர்)

வணக்கம். கனடாவில் தச்சுத் தொழில் செய்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா தனது மேசைவாளைக் கப்பலில் அனுப்பியுள்ளார். அதன் தகட்டில் 3 குதிரைவலு, 240 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ், 13 அம்பியர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. முதிரை, பாலை மரங்களை அறுத்துக் கதவு நிலைகள் செய்வதே என் நோக்கம். வாகனக் கொட்டகை வீட்டிலிருந்து 45 மீற்றர் தள்ளி, கிணற்றடிக்கு அப்பால் இருக்கிறது. விளக்குக்கும் ஒரு பிளக்குக்குமாக முன்பு இழுத்த 7/0.67 வயர் மட்டுமே அங்கு உண்டு. வீட்டு இணைப்பு ஒரு பேஸ், 30 அம்பியர். வாளைப் பூட்டிப் போட்டபோது மோட்டார் முனகிக்கொண்டு மெல்லச் சுழலத் தொடங்கியதும் 16 அம்பியர் பிரேக்கர் விழுந்துவிட்டது. 32 அம்பியர் பிரேக்கர் போட்டால் போதும் என்று பார்க்க வந்த ஒருவர் சொல்கிறார். உயர் அழுத்த மின் எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில் (மாங்குளம் வயரிங்காரர்)

தம்பி, தயவுசெய்து 32 அம்பியர் பிரேக்கரைப் போடாதீர்கள். பிரேக்கர் வயரைக் காப்பதற்காகவே வைக்கப்படுகிறது. 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். குழாய்க்குள் இழுத்தால் ஏறக்குறைய 24 அம்பியர்தான் தாங்கும். அதற்கு மேல் ஓடி உறை இளகினாலும் 32 அம்பியர் பிரேக்கர் பேசாமல் இருக்கும்.

உங்கள் வாள் முனகியதற்குக் காரணம் தூரம். இந்த வயரில் ஒவ்வொரு அம்பியருக்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் 18 மில்லிவோல்ற்று இழப்பு ஏற்படும். 13 அம்பியர், 45 மீற்றர் என்றால் பத்தரை வோல்ற்று. ஓடும்போது இது பொறுக்கக்கூடியதே. ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அப்போது இழப்பு அறுபது வோல்ற்றை நெருங்கலாம். போதிய வோல்ற்று கிடைக்காத மோட்டார் வேகமெடுக்கத் திணறும், அந்த நேரம் முழுவதும் பெரும் மின்னோட்டத்தையே இழுத்துக்கொண்டிருக்கும். B வகை 16 அம்பியர் பிரேக்கர் 48 முதல் 80 அம்பியருக்குள் உடனே விழுவதற்காகவே செய்யப்பட்டது, ஆகவே அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

வீட்டு டி.பி.யிலிருந்து (பிரேக்கர்கள் உள்ள மின் பகிர்வுப் பெட்டியிலிருந்து) வாளுக்கென்றே தனியாக 6 சதுர மில்லிமீற்றர் கவசக் கேபிள் இழுத்து, கிளம்பும் கணத்து மின்னோட்டத்தை B வகையைவிட அதிகம் பொறுக்கும் C வகை 20 அம்பியர் பிரேக்கர் வையுங்கள். இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். கேபிளை மண்வெட்டி எட்டாதபடி இரண்டடிக்குக் குறையாமல் புதைக்க வேண்டும். போர்க்காலத்தில் நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவென்றால், கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்கிய காணிதானா என்பதை உறுதிசெய்த பின்பே வெட்டுங்கள்.

உயர் அழுத்தம் என்பது 1000 வோல்ற்றுக்கு மேற்பட்டது. மூன்று பேஸ் இணைப்பின் 400 வோல்ற்றுக்கூட அந்த வகையில் சேராது. ஒரு பேஸ் மோட்டாருக்கு அதனால் பயனுமில்லை.

பதில் (வவுனியா மோட்டார் வைண்டிங் பட்டறை)

மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் தகட்டிலுள்ள 60 ஹேர்ட்ஸை, அதாவது மின் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, யாரும் கவனிக்கவில்லை. நமது மின் 50 ஹேர்ட்ஸ் என்பதால் வாள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அதைவிட முக்கியம், மோட்டாரின் இரும்பு அகணியில் (சுருளுக்குள் இருக்கும் இரும்பில்) காந்தப் பாயம் ஏறக்குறைய 15 வீதம் கூடி மோட்டார் சூடேறும். சிறு வேலைகளுக்கு இடைவெளி விட்டு ஓட்டலாம். நாள் முழுவதும் முதிரை அறுக்க அது தாங்காது. 50 ஹேர்ட்ஸ் மோட்டார் ஒன்றை மாற்றி, பெல்ட் ஓடும் கப்பியின் அளவைத் திருத்திக்கொள்வதே என் யோசனை.

பிளக் சுவிட்சால் ஓட்டாமல், ஓவர்லோட் காப்பும் மின் நின்றால் தானே விடுபடும் வசதியும் உள்ள ஸ்டார்ட்டரைப் பூட்டுங்கள். மின் தடைப்பட்ட நேரத்தில் மரத்தை எடுக்கக் கை வைத்திருக்க, மின் திரும்பியதும் வாள் தானாகச் சுழன்றால் விரல்கள் போய்விடும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணாமாரே. வாளை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டேன். கொட்டகைக்கு எர்த் கம்பி தனியாக அடிக்க வேண்டுமா? வீட்டு எர்த் கம்பி கிணற்றடி ஈரத்தில் இருக்கிறது.

பதில் (தொழில்நுட்பப் பாட ஆசிரியர், ஓய்வு)

கொட்டகையிலும் ஒன்று அடிப்பது நல்லது; ஆனால் கம்பியை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆடி, ஆவணியில் நமது மண் வறண்டு இறுகும்போது புவித்தொடுப்பின் (எர்த்தின்) தடை ஏறிவிடும். தடை 50 ஓம் என்று வையுங்கள். வாளின் உடலில் மின் கசிந்தால் 230 வோல்ற்றில் மண்ணுக்குப் போவது 4.6 அம்பியர் மட்டுமே. 20 அம்பியர் பிரேக்கர் அதை உணராது, வாளின் இரும்பு உடல் மின்னோடேயே இருக்கும். மின் கசிவை உணரும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஆகவே அந்தச் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும்; மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவரைக் கொண்டு வேலையை முடித்து, புவித்தொடுப்பின் தடையை மாரியில் அளக்காமல் கோடையில் அளக்கச் சொல்லுங்கள்.