பி பிளாக் குழு: ஓ.ஆர்.எஸ். கலக்குற அளவு

காலை 7:12, மூணாம் மாடி மாமி:
சுகர் இருக்கறவங்களுக்கு பேதியானா ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா? அதுல குளுக்கோஸ் இருக்கே. வெறும் உப்புத் தண்ணி போதாதா?

7:15, நர்ஸ் அக்கா:
போதாது மாமி. குளுக்கோஸ் இல்லாம உப்பு குடல்ல சரியா ஏறாது. அதுல குளுக்கோஸ் போட்டிருக்கறது ருசிக்கும் இல்ல, தெம்புக்கும் இல்ல.

7:21, பயாலஜி டீச்சர்:
குடல் செல்லோட சவ்வு கொழுப்பு அடுக்கு. சோடியம் மின்னேற்றம் உள்ளது, கொழுப்பைத் தாண்டாது. புரதத்தால ஆன வாசல் வழியாத்தான் போகணும். அதுல முக்கியமான ஒண்ணு எஸ்ஜிஎல்டி-1. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தாத்தான் அது உள்ள விடும்.

7:23, பயாலஜி டீச்சர்:
உள்ள வந்த சோடியத்தை செல்லோட மறுபக்கம் இருக்கற பம்ப் ரத்தப் பக்கம் தள்ளிடும். ஒவ்வொரு சுத்துக்கும் 3 சோடியம் வெளிய, 2 பொட்டாசியம் உள்ள, செல்லோட எரிபொருளான ஏடிபி ஒண்ணு செலவு. அதனால செல்லுக்குள்ள சோடியம் எப்பவும் குறைச்சலாவே இருக்கும். அந்தக் குறைவுதான் மேல் வாசல்ல சோடியத்தை இழுக்குது, குளுக்கோஸும் கூடவே வருது. அது ரெண்டும் போன பக்கம் தண்ணி தானா போகும்.

7:26, நர்ஸ் அக்கா:
காலராவுலகூட இந்த வாசல் கெடறதில்ல. நச்சு குளோரைடு வாசலைத் திறந்து போட்டுடும், தண்ணி கொட்டும், ஆனா எஸ்ஜிஎல்டி-1 வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். 1971ல வங்காள எல்லையில பன்கான் அகதி முகாம்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை நம்பித்தான் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு.

7:31, மருந்துக்கடை தம்பி:
மாமி, 1 லிட்டர் கரைசல்ல குளுக்கோஸ் 13.5 கிராம்தான். 200 மில்லி டம்ளருக்கு 2.7 கிராம். அளவோட கொடுத்து சுகரைப் பார்த்துக்கிட்டா போதும். “ஜீரோ சுகர்” பவுடர் போட்டுக் கலக்கறது வீண். அதுல இனிப்புக்குப் போடற சுக்ரலோஸை அந்த வாசல் ஏத்துக்காது.

7:33, நர்ஸ் அக்கா:
சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் மாதிரி “கிளிஃப்ளோசின்”னு முடியற மாத்திரை போடறவங்க, பேதி வாந்தின்னா உடனே டாக்டர்கிட்ட கேளுங்க. சிறுநீரகத்துல இதே குடும்பத்து வாசலை அடைக்கிற மருந்து அது. தண்ணி இன்னும் வெளிய போகும், ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏறலாம். வழக்கமா சரியாகற வரைக்கும் நிறுத்தச் சொல்வாங்க.

7:40, முதல் மாடி அண்ணன்:
பெரிய பாக்கெட்டைப் பாதி பாதியா கலக்கலாமா?

7:44, மருந்துக்கடை தம்பி:
வேண்டாம் அண்ணா. பாதிப் பொடியில எந்த உப்பு எவ்வளவு வந்துச்சுன்னு தெரியாது. பெரிசு முழுசா 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அடிக்கடி நடக்கற தப்பு, பெரிய பாக்கெட்டை ஒரு சொம்புத் தண்ணில கொட்டறது. சரியா கலந்தா கரைஞ்ச உப்பு, சர்க்கரையோட அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். அரை லிட்டர்ல கலந்தா 490. ரத்தம் ஏறக்குறைய 290.

7:46, பயாலஜி டீச்சர்:
மாங்காய்ல உப்புப் போட்டா தண்ணி விடுதில்ல, அதேதான். குடலுக்குள்ள அடர்த்தி கூடினா ரத்தத்துலேர்ந்து தண்ணி குடலுக்கு இறங்கும். பேதி அதிகமாகும். கூல் டிரிங்க், பாக்கெட் ஜூஸ் ஆகாதுங்கறதும் இதனாலதான். சர்க்கரை ஏராளம், சோடியம் கொஞ்சம்.

7:52, மூணாம் மாடி மாமி:
பாக்கெட் இல்லேன்னா?

7:55, நர்ஸ் அக்கா:
கொதிச்சு ஆறின தண்ணி 1 லிட்டர். தலை தட்டின டீஸ்பூன்ல சர்க்கரை 6, உப்பு அரை. கலந்தப்புறம் கொதிக்க வைக்காதீங்க. கண்ணீரை விட உப்புக் கரிச்சா கொட்டிட்டுப் புதுசா கலக்குங்க.

7:57, பயாலஜி டீச்சர்:
6 ஸ்பூன் எதுக்குன்னா, வீட்டுச் சர்க்கரை உடையும்போது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் வேற வாசல்ல போயிடும், சோடியத்தைக் கூட்டிட்டுப் போகாது.

7:58, மூணாம் மாடி மாமி:
கஞ்சி?

8:01, பயாலஜி டீச்சர்:
உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி ரொம்ப நல்லது மாமி. மாவுச்சத்து பெரிய மூலக்கூறு, அதனால அடர்த்தி ஏறாது. செரிக்கச் செரிக்க குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமா விடும். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடக் கொடுக்கலாம், அதுவே போதும்னு விட்டுடக் கூடாது.

8:04, நர்ஸ் அக்கா:
2 வயசுக்குள்ள ஒவ்வொரு தடவை போனப்புறமும் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேல 10 வயசு வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனா. கண் குழி விழுந்தா, வயித்துத் தோலைக் கிள்ளினா மெதுவா இறங்கினா, குடிக்கவே முடியாம துவண்டா, மலத்துல ரத்தம் வந்தா வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிதான்.

8:06, முதல் மாடி அண்ணன்:
கலந்தது மிச்சமானா ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

8:07, நர்ஸ் அக்கா:
மூடி வைங்க. 24 மணி நேரம் ஆனா கொட்டிடுங்க.