எல்லாவற்றுக்கும் ‘ஹோக்கே’ சொல்லும் அப்பத்தா

ரங்கூன் நர்ஸ்:

வணக்கம். ரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். தமிழ் பேசுவேன் என்பதால் நம் ஆட்கள் யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனாலேயே இது மனதைப் போட்டு அரிக்கிறது.

பெகு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பத்தா வந்தார். எழுபது தாண்டியவர். சர்க்கரை, காலில் ஆறாத புண். வீட்டுக்கு அனுப்பும்போது காலையும் மாலையும் போட்டுக்கொள்ள இன்சுலின் கொடுத்தோம். எப்படி இழுப்பது, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போடுவது, இடத்தை மாற்றி மாற்றிக் குத்துவது எல்லாம் தமிழிலேயே சொன்னேன். “ஒரு வேளைகூட விடக் கூடாது அப்பத்தா” என்று அழுத்தியும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி “ஹோக்கே சயாமா”, அதாவது ‘சரிங்க நர்ஸம்மா’. நான் தமிழில் கேட்டாலும் அந்தப் பதில் மட்டும் பர்மியில்தான். “புரியுதா?” “ஹோக்கே.”

ஒன்பதாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணியெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது. சர்க்கரை 46தான். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். பேரன் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிறானாம், அவனோடு இவரும் விரதம். ஒரு வேளைச் சோறு, மற்ற நேரம் தண்ணீர். ஆனால் ஊசியை மட்டும் இரண்டு வேளையும் விடவில்லை. “நீதானே தாயி ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, என் சொல்லைக் காப்பாற்றிய நிறைவோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விரதத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? ஆளுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தாலே பெரிது. நான் படித்ததெல்லாம் பர்மியிலும் இங்கிலீஷிலும். ‘வலிக்குதா’வைத் தாண்டி எனக்குத் தமிழில் கேட்கவும் வருவதில்லை.

மோல்மீன் அக்கா:

மகளே, 31 வருஷம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த ‘ஹோக்கே’யை நம்பாதே. நீ சொன்னது காதில் விழுந்தது, உன்மேல் மரியாதை இருக்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொள்ளும் கூச்சத்தைத்தான் இங்கே ‘ஆனாதெ’ என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் நமக்கும் அது ஊறிவிட்டது. நீ சிவப்பு லுங்கியோடு கட்டில் ஓரத்தில் நின்றபடி ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்திருந்தால், அந்த அம்மா விரதத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார். திட்டு விழும் என்ற பயம் வேறு.

‘புரியுதா’ என்று கேட்பதை இன்றோடு விடு. “அப்பத்தா, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போய் மருமகளுக்கு எப்படிச் சொல்வீங்களோ, அப்படி எனக்கு ஒரு தடவை சொல்லுங்க” என்று கேள். பரீட்சை உனக்குத்தான், அவருக்கு இல்லை. இப்போது இதற்கு டீச்-பேக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது, ஊசியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல். மூன்று நிமிஷம் ஆகும். உட்கார்ந்து கேள்.

சாப்பாட்டையும் இப்படித்தான். ‘நேரத்துக்குச் சாப்பிடுவீங்களா’ என்றால் அதற்கும் ஹோக்கேதான். “நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க? இந்த மாசம் கோயில்ல என்ன விசேஷம்? யார் வீட்டுல விரதம்?” என்று ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்டுப் பார். விரதம் இருக்காதே என்று மட்டும் சொல்லிவிடாதே, அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள். “விரதம்னா எனக்கு முன்னாடியே சொல்லுங்க, டாக்டர்கிட்ட ஊசி அளவைக் கேட்டுத் தர்றேன்” என்று சொல்.

அப்புறம் வலி. 0 முதல் 10 வரை நம்பர் கேட்டால் வயசானவர்கள் விழிப்பார்கள். ராத்திரி தூங்க விடுதா, சோறு இறங்குதா என்று கேட்டால் பதில் வரும். நம் தமிழில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! காலில் எரியுது, மதமதன்னு இருக்கு, செருப்பு கழன்றதே தெரியல என்றால் நரம்பைப் பார். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்றால் விட்டுடுது என்றால் ரத்த ஓட்டம். புண் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது என்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல். ‘மயக்கமா வருது’ என்பதை அப்படியே பர்மியில் ‘மூதெ’ (தலை சுற்றுது) என்று எழுதிவிட்டுப் போகாதே. தலை சுற்றுவதும் மயக்கம்தான், கண் இருட்டுவதும் மயக்கம்தான், பசியில் கைகால் வெடவெடப்பதையும் மயக்கம் என்றுதான் சொல்வார்கள். உன் அப்பத்தாவுக்கு வந்தது இந்தக் கடைசி வகை. வெடவெடப்பு வந்ததும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடு.

தட்டோன் மகன்:

சயாமாவுக்கு வணக்கம். நான் நோயாளி வீட்டு ஆள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது துணைக்கு நான்தான் இருந்தேன். அம்மாவுக்குப் பர்மி அவ்வளவாக வராது. நர்ஸ் கேட்பதை நான் தமிழில் சொல்வேன், பதிலைப் பர்மியில் சொல்வேன். நல்லபடியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அங்கே இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் என்னை வெந்நீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, பக்கத்துக் கட்டில் தமிழ் அம்மாவை வைத்துப் பேசியிருக்கிறார். மாதவிலக்கு நின்று பத்து வருஷம் கழித்து மறுபடி ரத்தம் படுவதை அம்மா அப்போதுதான் சொன்னார். நான் நாலு நாள் பக்கத்திலேயே இருந்தேன். மகனிடம் எப்படிச் சொல்வார்? அந்த நர்ஸ் என்னை வெளியே அனுப்பியதற்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

இன்னொன்று. அட்டையில் இருப்பது அம்மாவின் பர்மியப் பெயர். அதைக் கூப்பிட்டால் அவர் திரும்பவே மாட்டார். வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.

மருந்துக்கடைத் தம்பி:

செய்து காட்டச் சொல்லுங்கள் என்று அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் இருக்கும் குப்பியையும் ஊசியையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறவர்கள் வாங்கிவரும் இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட் குப்பி உண்டு. அதை, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கென்று கோடு போட்ட 100 கோட்டு ஊசியில் 20 வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். மாறி, 100 மருந்தை 40 கோட்டு ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். வாயால் கேட்டால் ‘இன்சுலின்தான் போடுறேன்’ என்றுதான் சொல்வார்கள்.

ரங்கூன் நர்ஸ்:

அக்கா, நீங்கள் சொன்னபடியே இன்று அப்பத்தா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்று ஊசியைக் கையில் கொடுத்தேன். குப்பியை உள்ளங்கையில் உருட்டியது சரியாக இருந்தது. மருந்தை இழுக்கும்போது ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கி, முகத்தருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்தார். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தாழ்த்தி, “கோடு தெரியலை தாயி” என்றார். வீட்டில் இரண்டாவது படிக்கும் பேத்தியிடம் காட்டி ‘போதுமா’ என்று கேட்டுத்தான் இத்தனை நாளும் போட்டிருக்கிறார்.

கண் பார்க்க எழுதி வாங்கிவிட்டேன். இனி மருந்தை இழுப்பது மருமகள். அவரும் எனக்கு மூன்று தடவை இழுத்துக் காட்டினார். குப்பி 100தான், ஊசியும் 100தான், பார்த்துவிட்டேன் தம்பி. எழுந்திருக்கும்போது அப்பத்தா என் கையைப் பிடித்து நிறுத்தி, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அன்றைக்கு ஊசி அளவு என்ன என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டுமாம்.