1995-ல் பத்து ரூபாய் வங்கி ஷேர், இன்றைக்கு எவ்வளவு? இந்தக் கணக்கில் இடறியதைப் பகிருங்கள்

கணக்குப்பிள்ளை
சுற்றுக்கு வந்த ஒரு எக்செல் ஷீட், இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எச்டிஎஃப்சி வங்கி, 1995 ஐபிஓ (முதல் பொது வெளியீடு), ₹10 விலையில் 100 ஷேர், முதலீடு ₹1,000. எல்லாம் சரிதான். ஆனால் ‘இன்றைய எண்ணிக்கை’ கட்டத்தில் 1,000 என்று இருந்தது. பக்கத்திலேயே விலை ₹950. அதாவது விலை போனசுக்கு (கையிலிருக்கும் ஷேருக்கு இலவசமாகக் கூடுதல் ஷேர் தருவது) பிந்தையது, எண்ணிக்கை போனசுக்கு முந்தையது. ஒரே ஒரு கட்டத்தில் பாதிச் சொத்து போச்சு.

வரிசை இதுதான். 2011 ஜூலையில் ஸ்பிளிட், அதாவது ஒரு ஷேரைப் பலவாக உடைப்பது: முகமதிப்பு (ஷேரில் அச்சான மதிப்பு) ₹10-லிருந்து ₹2 ஆனது, 100 ஷேர் 500 ஆனது. 2019 செப்டம்பரில் ₹2-லிருந்து ₹1 ஆனது; 500 ஷேர் 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 2,000. ₹950 வைத்தால் ₹19 லட்சம். 1,900 மடங்கு. 30 வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 28.6%, டிவிடெண்ட் (லாபப் பங்கு) சேர்க்காமல்.

சந்தைமேடு
கணக்குப்பிள்ளை சார், பெருக்கல் சரி, ஆரம்பம்தான் இடிக்கிறது. ₹10-க்கு யாருக்குக் கிடைத்தது? அந்த ஐபிஓவுக்கு 55 மடங்கு விண்ணப்பம் விழுந்தது. அலாட்மென்ட் (ஷேர் ஒதுக்கீடு) கிடைக்காதவர் 1995 மே மாதம் பட்டியலான அன்று வாங்கியிருந்தால் விலை ஏறக்குறைய ₹40. அவருக்கு 1,900 இல்லை, 475 மடங்கு. ஆண்டுக் கணக்கில் 22.8%. ‘ஆறு சதவீதம்தானே குறைவு’ என்று தோன்றும். கடைசித் தொகையில் அது நாலில் ஒரு பங்கு.

இன்னொன்று, சார்ட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் ஐபிஓ விலை 50 பைசா மாதிரி தெரியும். ₹10-ஐ ஐந்தால், இரண்டால், மறுபடி இரண்டால் வகுத்தது அது. அந்த 50 பைசாவை வைத்து எண்ணிக்கையையும் 20 மடங்காக்கி, ஒரே ஸ்பிளிட்டை இரண்டு தடவை எண்ணி 38,000 மடங்கு என்று எழுதினவர்கள் உண்டு. திருத்திய விலை எடுத்தால் எண்ணிக்கையைத் தொடக்கூடாது. பழைய விலை எடுத்தால் எண்ணிக்கையைப் பெருக்கணும். ரெண்டில் ஒண்ணு.

காவிரிக்கரை
நீங்க ரெண்டு பேரும் ஜெயிச்ச குதிரையோட வாலை அளந்துக்கிட்டு இருக்கீங்க. தோத்த குதிரைக்கு யாரும் ஷீட் போடறதில்லை.

லட்சுமி விலாஸ் வங்கி, கரூர், 1926-ல் ஆரம்பிச்சது. 2020 நவம்பர் 17 மாலை மொரட்டோரியம், அதாவது பணம் எடுக்கக் கட்டுப்பாடு. அன்னிக்கே ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவுத் திட்டத்துல செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுசா நீக்கப்படும்னு ஒரு வரி இருந்தது. நவம்பர் 27 டிபிஎஸ் வங்கி இந்தியாவோட இணைப்பு, ஷேர் பூஜ்யம். என்னை விடாம துரத்துறது நடுவுல இருந்த அந்தப் பத்து நாள்தான். ‘இவ்ளோ மலிவா’ன்னு அப்பவும் வாங்கிக்கிட்டு இருந்தாங்க. வரைவுல அந்த ஒரு வரியைப் படிச்சிருந்தா போதும். டெபாசிட்காரங்களுக்கு நஷ்டம் இல்லை. அதைக் கேட்டுட்டு ‘வங்கி காப்பாத்தப்பட்டது, ஷேரும் பிழைக்கும்’னு நினைச்சதுதான் தப்பு.

2004-ல குளோபல் டிரஸ்ட் வங்கி ஓரியண்டல் வங்கியோட போனப்பவும் பங்குதாரருக்கு ஒண்ணும் கிடைக்கலை. யெஸ் வங்கியில 2020 மார்ச்ல வேற மாதிரி: 100 ஷேரோ அதுக்கு மேலயோ வச்சிருந்தவங்களோட கையிருப்புல 75% மூணு வருஷம் பூட்டு. 1,000 ஷேர் இருந்தா 250-ஐத்தான் விக்க முடியும். ‘பிடிக்கலைன்னா வித்துடலாம்’னு எந்த ஷீட்லயாவது எழுதியிருந்தா, இந்த 750-ஐ எங்க எழுதுவீங்க?

வரிவாசி
காவிரிக்கரை அண்ணன் சொன்னது இருக்கட்டும். ஜெயிச்ச குதிரையிலும் வரியில் இடறுகிறார்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பதிவின் 2,000 ஷேரை வரித்துறை ஒரே மூட்டையாகப் பார்க்காது. 1,000 பழசு, 1,000 போனஸ். ஸ்பிளிட் ஆனால் வாங்கிய தேதி மாறாது. போனசுக்கு அலாட் ஆன தேதிதான் தேதி, வாங்கிய விலை பூஜ்யம். டிமேட்டில் (மின்னணு ஷேர் கணக்கு) முதலில் வந்தது முதலில் போகும். எனவே முதல் 1,000 விற்றால் பழசு போகும்.

பழசுக்கு 2018 ஜனவரி 31-ன் உச்ச விலையை அடக்க விலையாக எடுக்கலாம். அன்று அது சுமார் ₹2,000, முகமதிப்பு ₹2 இருந்த காலம். 2019 ஸ்பிளிட்டுக்காக அதைப் பாதியாக்கணும்: ₹1,000. இங்கேயே நிறுத்தணும். சார்ட்டில் அந்தத் தேதிக்கு ₹500 காட்டும், ஏனென்றால் அது 2025 போனசுக்கும் சேர்த்து வகுத்தது. போனசுக்காக வகுக்கக்கூடாது, போனஸ் ஷேர் தனியாகப் பூஜ்ய விலையில் நிற்கிறதே. ₹500 போட்டால் 1,000 ஷேருக்கு இல்லாத ₹4.5 லட்சம் லாபம் முளைக்கும். சரியாகப் போட்டால், ₹950-க்கு விற்கும்போது லாபமே பூஜ்யம். நஷ்டம் காட்டவும் முடியாது, விற்ற விலை வரைக்கும்தான் ஏற்பார்கள்.

அடுத்த 1,000-ல் முழு ₹9.5 லட்சமும் லாபம். அலாட் ஆகி 12 மாதம் தாண்டி விற்றால் ₹1.25 லட்சம் கழித்து 12.5%, அதாவது ₹1,03,125. தாண்டாமல் விற்றால் 20%, ₹1,90,000. செஸ் (வரியின் மேல் கூடுதல் வரி) தனி. ‘முப்பது வருஷ ஷேர்தானே’ என்று எல்லாவற்றையும் நீண்டகாலம் என்று போட்டால் நோட்டீஸ்தான்.

இரும்புப்பெட்டி
காகித ஷேர் பற்றி ஒரே ஒரு விஷயம். பெட்டியிலிருந்து எடுத்த சான்றிதழில் முகமதிப்பு ₹10 என்று அச்சாகியிருந்தால் அதில் இருக்கும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பதிவாளர் நிறுவனத்துக்கு ஃபோலியோ எண் கொடுத்து இன்றைய இருப்பைக் கேளுங்கள். டிவிடெண்ட் தொடர்ந்து 7 வருடம் வாங்காமல் விட்டிருந்தால் ஷேரே ஐஇபிஎஃப்-க்கு (உரிமை கோராத ஷேரும் டிவிடெண்டும் சேரும் அரசு நிதி) போயிருக்கும், மீட்க ஐஇபிஎஃப்-5 படிவம்.

நம் ஆட்களுக்கு இடறும் இடம் இனிஷியல். சான்றிதழில் ‘கே.’, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. கையெழுத்தும் முப்பது வருடத்தில் மாறியிருக்கும். விவரங்களைப் புதுப்பிக்கும் ஐஎஸ்ஆர்-1 படிவத்தோடு, கையெழுத்துக்கு வங்கி மேலாளர் சான்றளித்த ஐஎஸ்ஆர்-2-ஐயும் முதல் தடவையே சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் கவர் போய்ப் போய்த் திரும்பி வரும்.

கணக்குப்பிள்ளை
சந்தைமேடு, ₹40 வாதம் ஏற்றுக்கொள்கிறேன். வரிவாசி, அந்த ₹500-ஐத்தான் என் ஷீட்டிலும் போட்டிருந்தேன், திருத்திவிட்டேன்.

டிவிடெண்டைச் சேர்த்து எக்ஸ்ஐஆர்ஆர் (பணம் வந்த தேதிகளை வைத்து ஆண்டு வருமான விகிதம் காணும் எக்செல் கணக்கு) போடுபவர்களுக்கு: 2020 வரிசையில் சராசரியைப் போட்டு நிரப்பாதீர்கள். அந்த ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளின் டிவிடெண்டையும் நிறுத்தியது, அங்கே பூஜ்யம்தான். 2021-ல் ஷேருக்கு ₹6.50. 1,000 ஷேருக்கு ₹6,500, அதாவது போட்ட ₹1,000-ஐப் போல ஆறரை மடங்கு ஒரே வருடத்தில். அதையும் அப்படியே எழுதக்கூடாது. அப்போதைய வரம்பான ₹5,000 தாண்டியதால் 10% டிடிஎஸ் (முன்கூட்டிய வரி) பிடித்து, கணக்கில் விழுந்தது ₹5,850.