கத்தி விற்க எச்ஆர்சி எண் (ராக்வெல் அளவில் எஃகின் கடினம்) கேட்கிறார்கள், எப்படிப் பார்ப்பது?

கரிப்பட்டறை:
அம்பத்தூர் பக்கம் சின்னப் பட்டறை. லாரி ஸ்பிரிங் பட்டையில் சமையல் கத்தி அடித்து விற்கிறேன். இப்போது வாங்க வருபவர்கள் எல்லாம் முதலில் எச்ஆர்சி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அரம் போட்டால் வழுக்குகிறது, அதை வைத்து 58 என்று சொல்லிவிடலாமா?

அரம்ராஜா:
சொல்லாதீங்க. நல்ல அரமே 60-க்கு மேல் இருக்கும், டெம்பர் (தோய்த்த கத்தி நொறுங்காமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது) போட்ட பிறகும் அரம் சுத்தமாக வழுக்கினால் உங்கள் கத்தி 58-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம், கோழி எலும்பில் பட்டால் விளிம்பு சில்லு தெறிக்கும். 40 முதல் 65 வரை ஐந்து ஐந்தாக ஏறும் ஹார்ட்னஸ் அரம் செட் வாங்குங்கள். 55 வழுக்கி 60 பிடித்தால் இடையில் எங்கோ இருக்கிறது. அப்புறம், கத்தியின் மேல்தோலை உரசி எடுத்துவிட்டுப் பாருங்கள், உலையில் கார்பன் போன மேல்தோல் மெத்தென்றுதான் இருக்கும்.

கிண்டிக்காரன்:
எண் வேண்டுமென்றால் ராக்வெல் மெஷின்தான். வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் அழுத்திக் குழியின் ஆழத்தை அளக்கும். இரு பக்கமும் தட்டையாக, இணையாக இருக்கணும், சாய்வில் வைத்தால் குறைத்துக் காட்டும். கைப்பிடிக்குள் மறையும் இடத்தில் வைக்கலாம்தான், ஆனால் அங்கே சூடு சரியாக ஏறாமல் விட்டிருந்தால் அந்த எண் விளிம்புக்குப் பொருந்தாது. அதே பட்டையில் ஒரு துண்டை வெட்டி, கத்தியோடு சேர்த்தே தோய்த்து டெம்பர் போட்டு லேபில் கொடுங்கள், கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுகளில் லேப் உண்டு.

கரிப்பட்டறை:
சரி, துண்டு ஐடியா நல்லா இருக்கு. ஒவ்வொரு கத்திக்கும் செய்யணுமா?

கிண்டிக்காரன்:
வேண்டாம், உலை ஏற்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று போதும். பில்லில் ஒற்றை எண் போடாமல், லேப் எண்ணை ஒட்டி 56–58 என்பது போல வரம்பாகப் போடுங்கள்.