ஹிஸ்டெரிசிஸ்: அளவுக்கருவிக்குத் 'தயக்கம்' பொருந்துமா?

வணக்கம்.

அளவுக்கருவிகளின் பண்புகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழையில் துல்லியம் (accuracy), நுட்பம் (precision), பிரிதிறன் (resolution), உணர்திறன் (sensitivity) எல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. அவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஒரே அளவை ஏறிவந்து படித்தால் ஒன்றும் இறங்கிவந்து படித்தால் வேறொன்றுமாகக் காட்டும் ஹிஸ்டெரிசிஸை (hysteresis) மட்டும் 'தயக்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'காந்தத் தயக்கம்' பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல், அது அங்கேயே இருக்கட்டும். அளவுக்கருவிகளின் நிலைப்பண்புகளை (உள்ளீடு மாறாமல் நிற்கும்போது பார்க்கும் பண்புகளை) சொல்லிக்கொடுக்கும்போதுதான் அந்தச் சொல் மாணவரைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

போர்டன் குழாய் அழுத்தமானியையே எடுத்துக்கொள்வோம். 1849-ல் பிரான்சில் யூஜீன் போர்டன் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் கம்ப்ரசரிலும் கொதிகலனிலும் நாம் பார்க்கும் வட்ட முகக் கருவி. வளைந்த தட்டைக் குழாய் அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் நிமிர்கிறது. அதன் நுனி நகர, ஒரு இணைப்புத் தண்டும் பற்சக்கரமும் அந்தச் சிறு நகர்வைப் பெருக்கி முள்ளைத் திருப்புகின்றன.

0 முதல் 10 பார் வரை காட்டும் அப்படி ஒரு மானியைச் சோதனை மேடையில் பொருத்தி, எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி 2, 4, 6, 8, 10 என்று போகிறோம். பிறகு அதே படிகளில் இறங்குகிறோம். உண்மையான அழுத்தம் 6 பார் இருக்கும்போது ஏறுமுகத்தில் முள் 5.95 காட்டியது, இறங்குமுகத்தில் 6.05 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். இந்த 0.10 பார் வித்தியாசம்தான் ஹிஸ்டெரிசிஸ். முழு அளவில் 1 விழுக்காடு.

இப்போது 'தயக்கம்' என்று சொன்னால் படிப்பவர் என்ன நினைப்பார்? முள் தயங்குகிறது, கொஞ்சம் பொறுத்தால் சரியான இடத்துக்கு வந்துவிடும் என்றுதான் நினைப்பார். வராது. அரை மணி நேரம் காத்திருந்தாலும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். காத்திருந்தால் தீரும் பிழை வேறு. வெந்நீரில் வைத்த வெப்பமானி, அது எவ்வளவு விரைவாக மாறும் என்பதைக் குறிக்கும் கால அளவான ஒரு நேர மாறிலிக்குள் (time constant) மொத்த மாற்றத்தில் ஏறத்தாழ 63 விழுக்காட்டைத்தான் எட்டுகிறது, நான்கைந்து நேர மாறிலிகள் கழிந்தால் கிட்டத்தட்ட முழுதும் எட்டிவிடுகிறது. அது இயக்கப்பண்பு, அதாவது உள்ளீடு மாறும்போது கருவி நடந்துகொள்ளும் விதம். நிலைப்பண்பு என்பதே உள்ளீடு மாறாமல், முள்ளும் அசையாமல் நின்ற பிறகு பார்ப்பது. காலத்தாழ்ச்சி என்ற பொருள் தொனிக்கும் சொல்லை அந்தப் பட்டியலில் வைத்தால், இயக்கப்பண்பையும் நிலைப்பண்பையும் பிரித்த கோடே அழிந்துபோகிறது.

குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது என்பது உண்மைதான். 1880-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் இரும்பின் காந்தப் பண்பைப் பற்றி எழுதும்போது, பின்தங்குதல் என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இதை உருவாக்கினார். அதற்காக நாமும் பின்தங்க வேண்டுமா? கிரேக்கம் சொன்னதைவிட நிகழ்வு சொல்வதைக் கேட்டுப் பெயர் வைப்பதுதான் முறை. இந்த இழையில் வந்த 'பின்தங்கல்' என்ற பரிந்துரையையும் இதே காரணத்துக்காக நான் ஏற்கவில்லை. அதை இயக்கப்பண்புகளுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

என் பரிந்துரை: வழிச்சார்பு. பிழையாகச் சொல்லும்போது வழிச்சார்புப் பிழை, ஏறுமுகக் கோடும் இறங்குமுகக் கோடும் சேர்ந்து வரைபடத்தில் உண்டாக்கும் வளையம் வழிச்சார்புக் கண்ணி. முள் எங்கே நிற்கிறது என்பது இப்போதைய அழுத்தத்தை மட்டும் பொறுத்ததில்லை, எந்த வழியாக அங்கே வந்தது என்பதையும் பொறுத்தது. அளவீடுகளுக்கு ஏறுமுக அளவு, இறங்குமுக அளவு என்று சொன்னால் போதும். தங்கம் விலை ஏறுமுகம் என்று தினம் படிக்கிற வாசகருக்கு விளக்கமே தேவையில்லை.

வெப்ப இயக்கவியலில் வெப்பமும் வேலையும் வழியைச் சார்ந்தவை என்று சொல்கிறோமே, மோதாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். மோதாது, கருத்து ஒன்றுதான். குளிர்பதனப்பெட்டியின் தெர்மோஸ்டாட்டுக்கும் சொல் பொருந்துகிறது. 5 டிகிரியில் ஓடத் தொடங்கி 2 டிகிரியில் நிற்கும்படி அமைத்திருந்தால், 3.5 டிகிரியில் கம்ப்ரசர் ஓடுகிறதா இல்லையா என்பதை வந்த வழிதான் முடிவுசெய்கிறது. அங்கே அது பிழைகூட இல்லை, வேண்டுமென்றே வைத்தது. அதனால்தான் 'பிழை' என்பதை வேர்ச்சொல்லுக்குள் வைக்காமல் வெளியே நிறுத்தினேன்.

'பல் இடைவெளிப் பிழை' என்றே சொல்லிவிடலாமே என்று வந்த மடலுக்கும் பதில் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் 'ப்ளே' என்று சொல்லும் அந்தப் பற்சக்கரப் பற்களுக்கிடையிலான தளர்வு வழிச்சார்புக்கு ஒரு காரணம் மட்டுமே. முள்ளின் அச்சில் இருக்கும் உராய்வு இன்னொன்று, குழாய் உலோகத்தின் உள்ளுராய்வு மூன்றாவது. அளவுத்திருத்தம் செய்பவர்கள் மானியை விரலால் மெல்லத் தட்டுவதற்கு முன் ஒரு தடவை, தட்டிய பின் ஒரு தடவை படிப்பது எதற்கு? தட்டினால் அச்சு உராய்வால் நின்ற முள் நகர்ந்துவிடும், உலோகத்துக்குள் இருப்பது தட்டினாலும் போகாது. விளைவுக்கு ஒரு பெயர், காரணங்களுக்குத் தனித்தனிப் பெயர் என்று பிரித்தால்தான் இதை எழுத முடியும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பிழை எளிதில் ஒளிந்துகொள்ளும். 1.6 வகுப்பு மானி (முழு அளவில் 1.6 விழுக்காடு வரை பிழை அனுமதிக்கப்பட்டது) என்றால் 10 பார் அளவில் எங்கும் ±0.16 பார் வரை விலகலாம். மேலே சொன்ன மானி தாராளமாகத் தேறிவிடும். எப்போதும் ஏறுமுகத்திலேயே பத்து முறை படித்தால் பத்தும் ஒன்றாக வந்து, மீள்திறன் (திரும்பத் திரும்பப் படித்தாலும் ஒரே அளவைக் காட்டும் திறன்) அருமை என்று தோன்றும். சராசரி எடுத்தாலும் தெரியாது. திசையை மாற்றிப் படித்தால்தான் அகப்படும். சொல்லிலேயே 'வழி' இருந்தால் மாணவருக்கு அந்தச் சோதனை தானாகவே தோன்றும் என்பது என் நம்பிக்கை. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியதிலிருந்து, இந்தச் சொற்களைத் தேர்வுத்தாளில் எழுதப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு சிக்கல் பாக்கி. முழு அழுத்தத்தில் நெடுநேரம் வைத்து விடுவித்த குழாய், மெதுவாக, நேரம் எடுத்துக்கொண்டு பழைய நிலைக்கு ஊர்ந்து வரும். இது காலத்தைச் சார்ந்தது, ஆகவே வழிச்சார்பில் சேர்க்கக் கூடாது. 'மீட்சிப் பின்விளைவு' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். உலோகவியல் படித்தவர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.